பத்து பத்துக்குத் திறந்த கோப்பு

மாமனார் வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி உண்டு. கைப்பிடி வைத்தது, மெத்தை போட்டது. ஏழு வருஷம் அதில் உட்கார்ந்தவர் மூத்த மாப்பிள்ளை. எட்டாவது வருஷம் மச்சினிக்குக் கல்யாணம் ஆயிற்று, மாப்பிள்ளை டாக்டர். அன்றோடு நாற்காலி கைமாறியது. யாரும் யாரையும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. மூத்தவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் டாக்டர் அதில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். மாமனார் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தன் முழங்கால் வலியை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூத்தவருக்கு சோபாவின் ஓரத்தில், மடிக்காத துணிக் குவியலுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். உங்கள் நாற்காலி போகாதவரை அது ஒரு விஷயமே இல்லைதான்.

போதாக்குறைக்கு இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. டாக்டர் கீழ்த்தளத்தில் அவசரப் பிரிவில். மூத்தவர் மூன்றாம் மாடியில், ஜெனரேட்டர் சத்தம் விடாமல் கேட்கும் பின்பக்க அறையில், மெடிக்கல் கோடிங்கில். டாக்டர்கள் எழுதி வைக்கிற குறிப்புகளை வரி விடாமல் படித்து, நோய்க்கு உரிய குறியீட்டு எண்ணைப் போடுவது அவர் வேலை. இதை மாமனாருக்குப் பதினோரு வருஷமாக விளக்கிக்கொண்டிருக்கிறார். மாமனார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். வீட்டுக்கு யாராவது வந்தால், "சின்னவர் டாக்டர். பெரியவர் கம்ப்யூட்டர்ல ஏதோ நம்பர் போடுறார்" என்பார். அதனால் குடும்பத்தில் ஒருத்தர் டாக்டர் மாப்பிள்ளை, இன்னொருத்தர் கம்ப்யூட்டர் மாப்பிள்ளை.

மூத்தவர் தன் வேலையில் கெட்டிக்காரர். அதிலும் வயிற்றுவலியில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நமக்கெல்லாம் வயிற்றுவலி என்றால் வயிற்றுவலி. கோடிங்கில் அது பெரிய கூட்டுக் குடும்பம். மேல்வயிற்றின் நடுவில் வலித்தால் ஒரு எண், வலது மேல்பக்கம் என்றால் ஒரு எண், வலது அடிவயிறு என்றால் வேறொன்று. காரணம் தெரிந்துவிட்டால் வலிக்குத் தனியாக எண் கிடையாது, நோய்க்கு மட்டும்தான். டாக்டர் ஒன்றுமே சொல்லாமல் 'வயிற்றுவலி' என்று மொட்டையாக எழுதிவிட்டுப் போனால் அதற்கும் ஒன்று இருக்கிறது. ஆர் பத்து புள்ளி ஒன்பது: இடம் குறிப்பிடப்படாத வயிற்றுவலி. அதைப் போடுவதை மூத்தவர் தன் கௌரவத்துக்கு இழுக்காக நினைப்பார். போடுவதற்கு முன்னால் டாக்டருக்கு ஒரு க்வெரி அனுப்பிவிடுவார்.

க்வெரி என்றால் கேள்விக் கடிதம். கணினியிலேயே போகும், டாக்டர் ஒரு நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதில் ஒரு விதி உண்டு. கோடர் நோயின் பெயரை எடுத்துக் கொடுக்கக் கூடாது. 'இது குடல்வால் வீக்கமா?' என்று கேட்கக் கூடாது. இன்னின்ன எழுதியிருக்கிறது, இன்னின்ன எழுதவில்லை, தயைகூர்ந்து குறிப்பிடவும் என்று மட்டும்தான் கேட்கலாம். டாக்டர்களுக்கு க்வெரி என்றாலே வேப்பங்காய். மற்ற டாக்டர்களுக்கு மூத்தவர் வருஷத்துக்கு ஏழோ எட்டோ அனுப்புவார். சகலையான டாக்டருக்கு இந்த வருஷம் இதுவரை அனுப்பியது நாற்பத்தொன்று.

டாக்டர் ஒரு தடவையாவது முகம் சுளித்திருந்தால் மூத்தவர் மனசு ஆறியிருக்கும். அதுதான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் எல்லார் முன்னாலும், "சகலை, உங்க க்வெரி பார்த்தேன். நல்ல கேள்வி. திருத்திட்டேன்" என்பான் சிரித்துக்கொண்டே. மாமியார், "எவ்வளவு தன்மையான பிள்ளை" என்று அவன் தட்டில் இன்னொரு கரண்டி போடுவாள். மூத்தவருக்குப் பொறாமையில் சோறு இறங்காது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் பசிக்கிறது என்பார்.

இப்படி இருக்கையில்தான் அந்தப் புதன்கிழமை வந்தது.

காலை பத்து பத்துக்கு அவர் ஒரு கோப்பைத் திறந்தார். இருபத்து மூன்று வயதுப் பெண், துணிக்கடையில் வேலை, விடிந்ததும் அவசரப் பிரிவுக்கு வந்து ஐந்தாம் எண் கட்டிலில் படுத்திருந்தாள். காலை ஒன்பது ஐந்துக்கு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பார்த்தது சகலை. டாக்டர் குறிப்பில் மேல்வயிற்றில் எரிச்சல், அழுத்திப் பார்த்தால் வயிறு மென்மையாக இருக்கிறது, முன்பு பித்தப்பை எடுத்த தழும்பு, இரைப்பை அழற்சி, மாத்திரை கொடுத்து அனுப்பலாம் என்று இருந்தது. சாதாரணக் கேஸ். எண் போட அரை நிமிஷம் போதும்.

அவர் அப்படிப் போடுகிற ஆள் இல்லை. நர்ஸ் எழுதியதையும் புரட்டினார். 'வலி தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து இப்போது வலது அடிவயிற்றில். நடந்தால், இருமினால் வலிக்கிறது. இரண்டு முறை வாந்தி. இதுவரை எந்த அறுவை சிகிச்சையும் இல்லை.'

அறுவை சிகிச்சையே இல்லாதவளுக்குத் தழும்பு எங்கிருந்து வந்தது?

நான்காம் எண் கட்டிலின் கோப்பைத் திறந்தார். ஐம்பத்திரண்டு வயது அம்மா, மேல்வயிற்றில் எரிச்சல், பித்தப்பை எடுத்த தழும்பு. வரிக்கு வரி, புள்ளிக்குப் புள்ளி அதே குறிப்பு. சகலை ஒன்றை எழுதி, அதை நகல் எடுத்து அடுத்த கோப்பில் ஒட்டி, மாற்ற வேண்டியதை மாற்றாமல் விட்டிருக்கிறான். ஷிப்ட் மாறி வந்த நர்ஸ் திரையில் இருந்ததைப் படித்து இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அந்தப் பெண்ணின் ரத்தப் பரிசோதனை முடிவு ஒன்பது இருபதுக்கு, அவள் போன பிறகு வந்திருந்தது. வெள்ளை அணுக்கள் பதினேழாயிரம், இருக்க வேண்டியதைவிட வெகு அதிகம். அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பதினோரு வருஷமாக வயிற்றுவலி படிக்கிறவருக்கு இது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. குடல்வால். அவருக்கு அது அந்த நொடியே தெரிந்தது. அதைவிடப் பலமாக இன்னொன்றும் தெரிந்தது: மாட்டிக்கொண்டான். நாலு வருஷம் கழித்து, இந்த வருஷத்து நாற்பத்தொரு க்வெரி கழித்து, கையும் களவுமாக மாட்டிக்கொண்டான்.

அவர் மேஜைக்கு எதிரே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். 'நோயாளிக்கு ஆபத்து என்று தோன்றினால் க்வெரி எழுதாதே. அவசரப் பிரிவுக்கு உடனே போன் செய்.' போன வருஷம் அவரே தன் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதி ஒட்டியது. தாளுக்குக் கீழே போன்.

போன் செய்தால் என்ன ஆகும் என்று அவர் யோசித்துப் பார்த்தார். கீழே ஒருத்தி எடுப்பாள், சரி என்பாள், அந்தப் பெண்ணைக் கூப்பிடுவார்கள், சகலை வந்து திருத்துவான். காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை, "சகலை போன் பண்ணினார், நல்லவேளை" என்று சிரிப்பான். மாமியார் இன்னொரு கரண்டி போடுவாள்.

க்வெரி என்றால் எழுத்தில் இருக்கும். பதிவேட்டுக் குழுவின் தலைவருக்கும் ஒரு நகல் போடலாம்.

நான் விதிப்படிதானே செய்கிறேன், நோயின் பெயரைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லையே என்று அவர் தன் மனசாட்சிக்கு ஒரு சமாதானம் சொன்னார். அது கேட்டுக்கொண்டதா என்று திரும்பிப் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அந்த க்வெரியை இழைத்தார். 'நான்காம், ஐந்தாம் கட்டில் குறிப்புகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக உள்ளன' என்பதில் 'எழுத்துக்கு எழுத்து' என்று போடுவதா 'முற்றிலும்' என்று போடுவதா என்று இரண்டு முறை மாற்றினார். கடைசியில், 'தயைகூர்ந்து குறிப்பிடவும்' என்று முடித்துப் பத்து ஐம்பத்தைந்துக்கு அனுப்பினார். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க, குரல்ல ஏக குஷி?" என்றாள் அவள்.

"உங்க வீட்டு டாக்டர் மாப்பிள்ளை இன்னிக்கு வசமா மாட்டினார்."

"ஐயோ, என்ன ஆச்சு அவருக்கு?"

அந்த 'ஐயோ' அவருக்குப் பிடிக்கவில்லை. "ஆபீஸ் விஷயம், வெளிய சொல்லக் கூடாது. ஞாயித்துக்கிழமை உங்கப்பா வீட்டுல தெரியும்" என்று சொல்லிவிட்டு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு ருசியாக இருந்தது.

மூன்றரைக்கு மறுபடி திரையைப் பார்த்தார். 'படிக்கப்படவில்லை.' அவன் எப்படிப் படிப்பான்? ராத்திரி ஷிப்ட் முடித்து ஒன்பது மணிக்குப் போனவன், வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான். இது மூத்தவருக்குக் காலையிலேயே தெரியும். மச்சினி அவன் தூங்கும்போது போனை வேறு அறையில் வைப்பாள் என்பதுகூடத் தெரியும்.

பக்கத்து இருக்கையில் ஓர் அக்கா இருந்தாள். மற்றவர்கள் தப்பையெல்லாம் சத்தமில்லாமல் அழித்துச் சரிசெய்து கொடுப்பதால் அறையில் அவளுக்கு ரப்பர் என்று பெயர். தேநீர்க் கோப்பையோடு எழுந்தவள் அவர் தோளுக்கு மேலே நின்று திரையைப் படித்தாள். நிதானமாகப் படித்தாள்.

"காலையிலேர்ந்து இதையே பார்த்துச் சிரிச்சுக்கிட்டிருக்கீங்களே தம்பி," என்றாள். "அந்தப் பொண்ணு இப்போ எங்க இருக்கு?"

மூத்தவர் கோப்பின் பக்கம் திரும்பினார். அவர் கோப்பில் ஒரு சகலை இருந்தான், ஒரு நகல் இருந்தது, ஒரு தழும்பு இருந்தது. ஒரு பெண் இருந்ததாக இப்போதுதான் பட்டது. அவள் நடந்தால் வலிக்கிறது என்று சொன்னவள். நடந்துதான் வீட்டுக்குப் போயிருப்பாள்.

போனை எடுத்து முதல் தடவை தப்பான எண்ணை அழுத்தினார். இரண்டாவது தடவை கீழே எடுத்தார்கள். மூன்று நாற்பது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கீழே இருந்தவர்கள் சகலை வீட்டுக்குப் போன் செய்ய, அவன் தூக்கத்திலிருந்து எழுந்து தானே அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் பிடித்துப் பேசி, ஆம்புலன்ஸ் அனுப்பி, அதற்கு முன்னால் தான் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். ஐந்து மணிக்கு வந்தாள். ஆறரைக்கு அறுவை சிகிச்சை. குடல்வால் வெடித்திருந்தது. பிழைத்துக்கொண்டாள், ஆனால் வயிறு முழுக்கச் சீழ். பதினோரு நாள் படுக்க வேண்டும், இரண்டு மாசத்துக்குக் கடையில் நின்று வேலை செய்ய முடியாது என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூத்தவர் போக மாட்டேன் என்று பார்த்தார். மனைவி விடவில்லை. உள்ளே நுழைந்ததும் டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான்.

"இங்க உக்காருங்க சகலை."

"பரவாயில்ல, நான் இங்கேயே..."

"அட உக்காருங்க மாப்பிள்ளை!" மாமனார் கையைப் பிடித்து இழுத்தே உட்கார வைத்தார். "சின்னவர் எல்லாம் சொன்னார். அவரே தப்பு பண்ணிட்டாராம், நீங்கதான் மேல உக்காந்தபடியே கண்டுபிடிச்சு அந்தப் பொண்ணு உயிரைக் காப்பாத்தினீங்களாமே! இத்தனை வருஷமா நீங்க என்ன வேலை பாக்கறீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

மாமனார் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு முழங்காலைக் காட்டினார். மச்சினி கண் கலங்கினாள். மாமியார் வரிசையாகக் கரண்டி கரண்டியாகப் போட்டாள். நாலு வருஷமாகக் கனவு கண்ட அத்தனையும் ஒரே தட்டில் வந்து விழுந்தது. மூத்தவருக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

கை கழுவும் இடத்தில் டாக்டர் பின்னாலேயே வந்து நின்றான். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் மெதுவாகப் பேசினான்.

"சகலை, நீங்க ஃபைலைப் பத்து பத்துக்குத் திறந்திருக்கீங்க. சிஸ்டத்துல இருக்கு. போன் வந்தது மூணு நாப்பதுக்கு."

"நடுவுல க்வெரி அனுப்பினேனே..."

"அனுப்பினீங்க. நான் தூங்கிட்டிருப்பேன்னு உங்களுக்குத் தெரியும்."

மூத்தவர் கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

"என் தப்பை நான் ஆஸ்பத்திரி விசாரணைக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துட்டேன். வெறும் அவசரத்துல வந்த தப்பு, ஆனா என் தப்பு. உங்க நேரத்தை நான் எழுதல. வீட்டுலயும் சொல்லல." துண்டை நீட்டினான். "ஏன்னு கேக்கவும் எனக்கு இஷ்டமில்ல."

சிரிக்காமல் அவன் பேசி மூத்தவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் அந்தப் பெண் வீட்டுக்குப் போனாள். அவளுடைய கோப்பு, வேறு யாருக்காவது போயிருக்கக் கூடாதா, மூத்தவர் பட்டியலில்தான் வந்து நின்றது. அவர் வழக்கம்போல் முதல் பக்கத்திலிருந்து படித்தார். அறுவை சிகிச்சை டாக்டர் அவளிடம் கேட்டு எழுதிய விவரத்தில் ஒரு வரி இருந்தது. 'மதியம் சுமார் ஒரு மணிக்கு வலி திடீரென்று குறைந்தது. நோயாளி குணமாகிவிட்டதாக நினைத்தார். சிறிது நேரத்தில் வயிறு முழுவதும் வலி பரவியது.'

குடல்வால் வெடிக்கும்போது அப்படித்தான் கொஞ்ச நேரம் வலி விடும். ஆயிரம் கோப்பில் படித்திருக்கிறார். ஒரு மணி. அவர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மனைவியிடம் பேசிய நேரம். அந்தப் பெண்ணும் அப்போது அப்பாடா என்று உட்கார்ந்திருப்பாள், அம்மாவிடம் பசிக்கிறது என்றுகூடச் சொல்லியிருப்பாள்.

எண் போட வேண்டும். வெடிக்காத குடல்வாலுக்கு ஒரு எண், வெடித்ததற்கு வேறு எண். பத்து பத்துக்கு அவள் எந்த எண்ணில் இருந்தாளோ, மூன்று நாற்பதுக்கு எந்த எண்ணுக்குப் போனாளோ, அவருக்கு மனப்பாடம். வெடித்ததற்கு உரியதைப் போட்டார். குறியீட்டுப் புத்தகத்தில் எழுபதாயிரத்துக்கு மேல் எண்கள் இருக்கின்றன. மாடு முட்டினால் உண்டு, வாத்து கொத்தினால் உண்டு. ஒருத்தன் தெரிந்தே ஐந்தரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததற்கு இல்லை.

அவள் கோப்போடு இணைத்திருந்த கமிட்டியின் படிவம் கணினியில் திறந்துதான் இருந்தது. சகலை எழுதியிருந்தது நாலே வரி. நகல் எடுத்தேன், மாற்றவில்லை, என் கவனக்குறைவு என்று அழகாக, கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருந்தான். இவ்வளவு சுலபமாக ஒருவனால் எப்படி எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க முடிகிறது? மூத்தவருக்கு அதன்மேலும் பொறாமை வந்தது, மறைப்பானேன். தப்பை ஒத்துக்கொள்வதில்கூட அவன் முந்திவிட்டான்.

கீழே, 'கோடிங் பிரிவுக்குத் தெரிந்த நேரம்' என்ற கட்டத்தைச் சகலை காலியாக விட்டிருந்தான். மூத்தவர் அதில் காலை பத்து பத்து என்று அடித்தார். தெரிவித்த நேரம், மூன்று நாற்பது. அடுத்த கட்டம்: தாமதத்துக்குக் காரணம்.

'வேலைப் பளு' என்று அடித்து அழித்தார். 'க்வெரி விதிமுறை' என்று அடித்தார். அது ஒரு நிமிஷம் திரையில் இருந்தது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதையும் அழித்தார். எதுவும் எழுத விரும்பாதவர்களுக்காகப் படிவத்திலேயே ஒரு வசதி வைத்திருந்தார்கள், அழுத்தினால் போதும்: 'காரணம் குறிப்பிடப்படவில்லை.'

அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் நல்ல சிரிப்பு இல்லை. இந்த ஒரு வருஷத்திலேயே நாற்பத்திரண்டு தடவை அந்த ஒரு மனுஷனிடம் மட்டும், தயைகூர்ந்து குறிப்பிடவும், தயைகூர்ந்து குறிப்பிடவும் என்று கேட்டவர்.

"தம்பி, இன்னும் முடியலையா?" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டாள் ரப்பர் அக்கா.

"ஒரு வார்த்தைதான்க்கா பாக்கி."

பொறாமை என்று அடித்தார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பினார்.